எங்கள் கூட்டணியின் நிறம்

என் மருமகன் கர்ட் மிச்சிகன்காரன். மற்றபடி நல்ல பையன். என் மகள் கேலினை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான். ஆனால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் எங்கள் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வடக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டணிதான் பலமானது என்று, அலபாமாவில், என் வீட்டு மேசையில், என் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"உங்க தெற்குக் கூட்டணியில மேல ரெண்டு டீம் பலம், மாமா. மிச்சமெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. எங்கள்ல கடைசி டீமே உங்க நடு டீமைக் கவுத்துடும்."

"பனியில வழுக்கி விழறதுக்குப் பேரு ஆட்டமா?" என்றேன்.

வார்த்தை வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. ஆண்டு முடிவுக் கோப்பை ஆட்டங்களில் இரண்டு கூட்டணிகளும் ஐந்து முறை மோதவிருந்தன. அதிகம் ஜெயிக்கும் கூட்டணியின் நிறத்தில்தான், மார்ச்சில் பிறக்கப்போகும் என் முதல் பேரப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும். இது விளையாட்டுப் பேச்சில்லை. எங்கள் ஊரில் குழந்தை முதலில் எந்த நிறம் போடுகிறதோ, அதற்கேதான் கடைசிவரை கத்தும்.

நான்கு ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது, புத்தாண்டு அன்று பிற்பகல். வடக்கிலிருந்து கர்ட்டின் மஞ்சள் அணி. தெற்கிலிருந்து, என் தலையெழுத்து, ஆரஞ்சு அணி.

அலபாமாவில் இரண்டு பெரிய பல்கலைக்கழக அணி, அதனால் இரண்டே கட்சி. சிவப்பு, ஆரஞ்சு. நான் சிவப்பு. அறுபத்தோரு வயதில் ஒருநாள்கூட ஆரஞ்சு ஜெயிக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. என் தம்பி ராய்ஸ் ஆரஞ்சு. எங்கள் அப்பா சிவப்பிலேயே பிறந்து சிவப்பிலேயே செத்தவர். அவருடைய இறுதிச் சடங்குக்கு ராய்ஸ் ஆரஞ்சு டை கட்டிக்கொண்டு வந்தான். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடமாகக் கடையில் அவனைப் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விடுவேன்.

"ஏங்க, அந்த டீம்ல ஒருத்தன் பேராவது தெரியுமா உங்களுக்கு? யாரைச் சொல்லிக் கத்துவீங்க?" என்றாள் என் மனைவி கிளெண்டா. என்னைக் கேட்காமலே ராய்ஸைப் போனில் கூப்பிட்டும் விட்டாள்.

புத்தாண்டன்று தின்றால் அதிர்ஷ்டம் என்று எங்கள் பக்கம் சமைக்கும் காராமணிச் சட்டியோடு அவன் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. சோபாவில் நான் ஒரு கோடி, அவன் ஒரு கோடி. நடுவில் கர்ட் மஞ்சள் சட்டையில் சுகமாக உட்கார்ந்து, எங்கள் தடுப்பாட்டம் ஓட்டைப் பானை என்று கேலினுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று மணி நேரம் மானம் ஊசலாடியது. கடைசியில் ஆரஞ்சு இரண்டு புள்ளி பின்னால். மிச்சம் நான்கு விநாடி. பந்தை உதைத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் மூன்று புள்ளி. ஐம்பது கஜத் தூரம்.

ராய்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான். "என்னால பாக்க முடியாதுண்ணே. நீ பாத்துச் சொல்லு."

இரண்டு வருடத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு. நான் எழுந்து நின்று, ஓர் ஆரஞ்சுச் சட்டைப் பையனிடம், "அடிடா ராசா, நல்லா அடி," என்று கெஞ்சினேன். அப்பா கேட்டிருந்தால் என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பார்.

பந்து போனது. கம்பத்தை உரசாமல் உள்ளே போனது. "உள்ள போயிருச்சுடா," என்றேன். எங்கள் தெற்குக் கூட்டணிப் பெயரின் சுருக்கமான மூன்று ஆங்கில எழுத்தையும் நானும் ராய்ஸும் தொண்டை கிழியக் கத்தினோம். எங்களில் எவன் ஜெயித்தாலும் வடக்கத்தியான் முன்னால் அப்படித்தான் கத்துவோம்.

கர்ட் பெருந்தன்மையாகக் கை கொடுத்தான். "தோத்துட்டேன் மாமா. சிவப்புச் சட்டை நானே வாங்கித் தரேன்."

"சிவப்பா?" என்றான் ராய்ஸ். "கூட்டணிக்குன்னு நிறம் ஏது? ஜெயிச்சுக் குடுத்தது யாரு? ஆரஞ்சுதான் போடணும்."

கர்ட்டின் கண் பளிச்சிட்டது. "கூட்டணிக்கு நிறமே இல்லைன்னா பந்தயமே செல்லாதே. குழந்தை மஞ்சளே போடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையகலச் சிவப்புச் சட்டை ஒன்றை அக்டோபரிலேயே வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால் இந்த இரண்டு வருடமும் ராய்ஸோடு சண்டை போட முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவன் போனில் வந்து வம்பிழுக்காத சனிக்கிழமை, சனிக்கிழமையாகவே இருக்கவில்லை.

"ஆரஞ்சே போடட்டும்," என்றேன். "ஆனா என் கையால போட்டுவிட மாட்டேன். நீதான் ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுவிடணும்."

ராய்ஸ் காராமணிக் கிண்ணத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

"மார்ச் எத்தனாந் தேதிண்ணே?" என்றான்.