சீதேவி கொண்டு போன வெள்ளித் தகடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி இருங்கள், என் கண்மணிகளே. மடியில் பிள்ளை வைத்திருப்பவளே, நிழலுக்கு வா. ஒரு மனிதனின் மண்டையில் விழுந்த ஓட்டையை எதைக் கொண்டு மூடினார்கள் என்று சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், ஆள் பிழைத்துவிட்டார்.

ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில் இளையதம்பி என்றொரு வெள்ளாமைக்காரர். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருசம், கண்ணகை அம்மனுக்குக் கொம்பு விளையாட்டு நடந்தது. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வடம் பிடித்து இழுக்கும். அன்று முறிந்த கொம்பின் துண்டொன்று பறந்து வந்து இளையதம்பியின் நெற்றிக்கு மேலே அடித்தது.

ஆசுபத்திரியில் நொறுங்கிய எலும்பைப் பொறுக்கி எடுத்துத் தைத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் பாதி உள்ளங்கை அகலத்துக்கு அங்கே தோல் மட்டும்தான். கீழே நாடி துடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு கொப்பு பட்டாலும் ஆபத்து என்றார்கள். பெண்சாதி சீதேவி அவரை வயலுக்கு விடவில்லை. ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

"மச்சான், காகம் வருகுது. சட்டியத் தலையில கவுத்துக்கொண்டு இரியுங்க" என்று சீதேவியின் தம்பி பகிடி பண்ணுவான். அவர் சிரிப்பார். அவள் ஓடிப்போய்க் காகத்தை விரட்டுவாள்.

பிறகு அக்கரை ஆசுபத்திரியில் டொக்டர் நல்லரத்தினம் அவரைப் பார்த்துவிட்டு, "மூடலாம். வெள்ளித் தகடும் வைக்கிறது..." என்று தொடங்கினார். சீதேவி மிச்சத்தைக் கேட்கவே இல்லை. தன் காலில் கிடந்த வெள்ளித் தண்டையைக் கழற்றித் தட்டாரிடம் கொடுத்து, "எங்கட ஆளிட தலைக்கு ஒரு தகடு வேணும்" என்றாள்.

கண் நோவுக்கு வெள்ளிக் கண், கால் நோவுக்கு வெள்ளிக் கால் என்று அம்மனுக்கு நேர்ந்து கொடுக்கிற ஊர் அல்லவா? தட்டாருக்கு அந்த வேலைதான் பழக்கம். மூக்கும் மீசையுமாக ஒரு முகத்தை அடித்து, கொளுவுவதற்கு வளையமும் வைத்துக் கொடுத்துவிட்டார்.

புருசனையும் தகட்டையும் தோணியில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள் சீதேவி.

டொக்டர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகள், மீசைய உள்பக்கம் வைக்கிறதா, வெளிப்பக்கம் வைக்கிறதா?"

இளையதம்பி விழுந்து விழுந்து சிரித்தார். சீதேவிக்கு அழுகை வந்தது. "அப்ப இது சரிவராதா ஐயா?"

"இத அம்மனுக்கே குடுத்திருங்க. நான் சொன்னது ஆசுபத்திரிக்கெண்டே செய்யிற வெள்ளித் தகடு. அதுவும் இளக்கமான சாமான், அடி பட்டா நெளியும். வெளியூரில புதுசா ஒரு உலோகம் வந்திருக்கு, கப்பல் எப்ப வருமோ தெரியா. இல்லாட்டி இவரிட விலா எலும்பில துண்டு எடுத்து வைக்கலாம்."

"இவர் வயல் வட்டைக்குள்ள பகல் முழுக்க நிக்கிறவர். தகடு வெயிலுக்குச் சுடாதா?"

"சுடுகுது எண்டு சொன்ன ஆக்களும் இருக்கினம்."

"விலாவில எடுத்தா அங்க ஓட்டை விழுமே?"

"எலும்பைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அத விட்டுவைச்சா திரும்ப வளரும். ஆனா ரெண்டு இடத்தில வெட்ட வேணும், நோவும் கூட."

சீதேவி புருசனைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத புள்ள. நீ சொல்லு" என்றார் அவர்.

"எலும்பையே வையுங்க ஐயா. வெட்டினா திரும்ப முளைக்கிற சாமான் அதுதானே."

காலையில் உள்ளே கொண்டு போனார்கள். வாசலில் இருந்த சீதேவி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் சாயும் நேரம் டொக்டர் வந்து, "முழிச்சிட்டார். பசிக்குதாம்" என்ற பிறகுதான் ஒரு மிடறு குடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் கட்டவிழ்த்தார்கள். சீதேவி அந்த இடத்தைத் தொட்டாள். துடிப்பு இல்லை. கெட்டியாக இருந்தது. மெல்ல, மிக மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

"என்னகா தட்டுறாய்? பலாப்பழமா?"

"பழுத்திட்டுதோ எண்டு பாத்தன்" என்றவள், ஆறு மாதத்து அழுகையை எல்லாம் அவர் தோளில் அழுது தீர்த்தாள். அடுத்த போகத்துக்கு அவரே ஏர் பிடித்தார்.

போய் வாருங்கள், என் செல்வங்களே. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு தலையிடியும் வராமல், வெளியே போனவர்கள் போனபடியே திரும்பி வந்து, எல்லோரும் ஒரே பாயில் இருந்து சோறு தின்னும்படி கண்ணகைத் தாய் காத்தருளட்டும்.