ஒரு விரல் குறைந்த குப்பி

கொச்சுத்ரேசியாவின் மருமகன் துபாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பி கொண்டுவந்தான். உள்ளே தண்ணீர், அடியில் மைபோலக் கறுப்பாக ஒரு திரவம். வெளியே காந்தத்தை நகர்த்தினால் அது முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டை மந்திரிக்க வரும் பங்குச் சாமியாரான அச்சனிடம் அதைக் காட்டி, பக்கத்து வீட்டு ரோசிலியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒரே துடிப்பு.

ஆனால் குப்பியின் கழுத்தில் ஒரு விரல் அளவு காலியாக இருந்தது.

"ஏர்போர்ட்ல எவனோ ஊத்திக்கிட்டான் மனுஷா. குறைப்பொருளையா அச்சன் முன்னாடி வைக்கிறது?"

"வெயில்ல தண்ணி வீங்கும்டி. அதுக்குத்தான் இடம் விட்டிருக்கான். பேசாம இரு," என்றார் கணவர் அவுசேப்பு.

பேசாமல் இருந்தால் அவள் கொச்சுத்ரேசியாவா? கிணற்றுத் தண்ணீரைக் கழுத்து முட்ட ஊற்றி, மூடியை இறுக முறுக்கி, ரோசிலியின் கண்ணில் படட்டும் என்று மேற்கு ஜன்னலில் வைத்தாள். திருச்சூரின் மேட மாதத்து வெயிலுக்கு யாருடைய பெருமை தெரியும்? அச்சன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது குப்பி பட்டென்று வெடித்து, வெள்ளை மார்பிள் முழுக்கக் கறுப்பு வழிந்தது.

அச்சன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "தலைக்குக் காய்ச்சின எண்ணெய் கொட்டிப்போச்சா, திரேசியாம்மே?"

"எண்ணெய் இல்ல அச்சோ, துபாய்லேர்ந்து வந்தது."

"இப்ப அங்கேயும் காய்ச்சுறாங்களா? நல்லது," என்று அவர் கறையைத் தாண்டி உள்ளே போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் ரோசிலிக்குத் திடீரென்று இருமல் வந்தது.