இரண்டாவது தட்டு

அப்பாவின் சட்டைக்கு மகள் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. எண்பத்தாறு வயது. காலையில் தேநீர் குடித்தார், செய்தித்தாளை மடித்து வைத்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். கல்யாணச் சாவு என்றார்கள் வந்தவர்கள்.

அழைத்தது அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்திலிருந்து. சர்க்கரை பார்க்கும் பிரிவிலிருந்து போன வாரம்தான் அங்கே மாறி வந்த தோழி.

“அக்கா, இந்த நேரத்துல கூப்பிடுறேன், மன்னிச்சுக்குங்க. நேத்து நீங்க வச்ச சோதனைத் தட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கேன். கொஞ்சம் பாருங்க.”

ரொட்டி அடுப்பில் முன்கையைச் சுட்டுக்கொண்ட ஒருத்தி தீக்காயப் பிரிவில் கிடந்தாள். உள்ளங்கையளவு புண்தான், பார்க்க அத்தனை சுத்தம். ஆனால் காய்ச்சல் கொதித்தது, உடம்பெல்லாம் சிவந்துவிட்டது, இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கிருமிக்குக் கொடுக்கும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துவோம் என்றார் ஒரு மருத்துவர். புண்ணிலுள்ள கிருமி நஞ்சு கக்குகிறது, நிறுத்தினால் ஆள் போய்விடுவாள் என்றார் இன்னொருவர். கிருமி இருப்பது உறுதி. அது நஞ்சு கக்கும் ரகமா என்று பார்க்கத்தான் மகள் நேற்று மாலை சோதனை வைத்துவிட்டு வந்திருந்தாள். தட்டின் குழிகளில் விட்ட துளி அடியில் பொட்டாகப் படிந்தால் நஞ்சில்லை. பாலாடை போலப் பரவினால் நஞ்சு.

படத்தில் எல்லாக் குழியிலும் பரவியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நஞ்சே விடாமல் வைத்த குழியிலும்கூட.

“தட்டை அசைச்சீங்களா?”

“வெளிச்சம் பத்தலைன்னு லேசா சாய்ச்சேன்க்கா.”

படிந்த பொட்டு ஒரு சாய்ப்பில் கலைந்துவிடும். அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

“அதே சோதனைக்கு இன்னொரு தட்டும் வச்சிருக்கேன், காயாம இருக்க ஈரப்பெட்டிக்குள்ள இருக்கு. மூடியைக்கூடத் தொடாதீங்க. நானே வரேன்.”

அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “அப்பா இங்க கிடக்காரு, நீ வேலைக்குப் போறியா? வண்டி பதினோரு மணிக்கு வந்துடும். பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

அம்மா தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். “அவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. நீ போயிட்டு வாடி. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனாரு, யாருக்காவது ஒரு நிமிஷம் நின்னிருக்காரா? கல்யாணமான புதுசுல என்னையே ஸ்டாப்புல விட்டுட்டுப் போன மனுஷன். இன்னிக்கு நிக்கட்டும்.”

அழுதுகொண்டிருந்த அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

வழியெல்லாம் மகள் அழுதாள். ஆய்வக வாசலில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். தட்டைத் தொடாமல் தானே வளைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒப்பீட்டுக் குழியில் கச்சிதமான பொட்டு. நோயாளியின் குழிகள் ஐந்திலும் பாலாடை.

“நஞ்சுதான். மருந்தை நிறுத்த வேணாம், நஞ்சுக்கான மருந்தையும் சேர்க்கணும்னு வார்டுக்குச் சொல்லுங்க, ஓடுங்க!”

தோழி ஓடினாள். அப்பா செத்துப்போன நாளில் இத்தனை சந்தோஷம் வரலாமா என்று மகளுக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது.

அவள் திரும்பும்போது மணி பன்னிரண்டு. வண்டி எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. ஓட்டுநர் முணுமுணுக்காதபடி அண்ணன் பக்கத்திலேயே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“என்னாச்சு?”

“கண்டுபிடிச்சாச்சுண்ணே.”

“சரி, அப்பாகிட்ட சொல்லிட்டு வா. கிளம்பலாம்.”

நான்காம் நாள் காலை தோழி அழைத்தாள். மகள் கேட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: “அந்தப் பொம்பளைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். எழுந்து உக்காந்துக்கிட்டு, ஆஸ்பத்திரி ரொட்டி சரியா வேகலைன்னு சண்டை போடுறாளாம்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான்கு நாளாக வராத அழுகை அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து வந்தது. யாரும் தடுக்கவில்லை. அண்ணன் எழுந்து போய்த் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தான்.