ஒட்டு பளிச்சென்று தெரிய வேண்டும்

தைத்தது தெரியாமல் தைக்க அன்னத்தாய்க்குப் பல வருஷம் பிடித்தது. தைத்தது பளிச்சென்று தெரிகிற மாதிரி தைக்க, ப்ரீதாவிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். கிழிந்த சட்டையைக் கொடுத்தால், அதன் உள்மடிப்பிலிருந்தே இழையை உருவி, குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடைத்துவிடுவாள். அவள் கணவன் கொம்பையா மில்லில் வேலை பார்த்தான். அவன் மஞ்சள் காமாலையில் போன பிறகு கொட்டகையில் உட்காரவே பிடிக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, காலை பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

கடை என்று சொல்லக் கூடாது. ஸ்பேஸ் என்று சொல்ல வேண்டும். பெயர் ‘ஆறமர’. பெருமாள்புரத்தில் ஒரு பழைய வீடு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை, அது ரா. மின்விசிறி மாட்டவில்லை, அது ஸ்லோ. அங்கே விற்பது பழைய துணி அல்லவாம், ப்ரீ-லவ்டாம். வாங்க வருகிறவர்கள் கம்யூனிட்டி. அன்னத்தாயும் டெய்லர் இல்லை, மெண்டிங் ஆர்ட்டிஸ்ட். ஆனால் ஆர்ட்டிஸ்டுக்கு நாற்காலி கிடையாது, தரையில் உட்கார்ந்தால்தான் ஆத்தென்டிக். முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். “அது க்ரவுண்டிங்க்கா, நல்லதுதான்” என்றாள் ப்ரீதா. இந்த வார்த்தையெல்லாம் எந்தக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறதோ என்று அன்னத்தாய்க்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ப்ரீதாவின் பூர்வீகம் கல்லிடைக்குறிச்சி. பிறந்தது வளர்ந்தது பெங்களூர். வேர்களைத் தேடி வந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வாள். முப்பது வயசு, கெட்ட பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரு சாமானாவது தன் சொந்தப் பெயரோடு வெளியே வராது. நல்ல சட்டையில் சின்னக் கிழிசல் இருந்தால், “அடைக்காதீங்க, செலிப்ரேட் பண்ணுங்க” என்பாள். அன்னத்தாய் சிவப்பு நூலில், மூட்டை தைக்கிற மாதிரி, கோணல்மாணலாக நாலு இழுப்பு இழுப்பாள். ப்ரீதா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவாள். தன் வேலையைப் பார்த்துத் தனக்கே வெட்கமாக இருந்தது அன்னத்தாய்க்கு.

துணிகள் வெளுத்து, தேய்த்து, கட்டுக்கட்டாக வரும். திருப்பூர்ச் சரக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சித்திரையில் ஒரு வியாழக்கிழமை புதுக் கட்டு ஒன்றைப் பிரித்தாள். சனிக்கிழமை ‘ரிவர்-வாஷ்டு கலெக்‌ஷன்’ என்று ஒரு விழா வைத்திருந்தாள் ப்ரீதா, அதற்கான கட்டு. நாலாவது சட்டை சாம்பல் கோடு போட்ட அரைக்கைச் சட்டை. பைக்குக் கீழே விரல் பட்டதும் நின்றுவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்குத் தெரியும். பீடிக் கங்கு விழுந்த ஓட்டை. அவள் அடைத்தது. அது கொம்பையாவின் சட்டை.

சட்டையை உள்பக்கம் திருப்பி, தான் போட்ட இழையை விரலால் இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் பாபநாசத்தில், படித்துறையில் வைத்து, கொம்பையாவின் துணிமணி எல்லாவற்றையும் ஆற்றில் விட்டார்கள். இந்த ஒரு சட்டையை மட்டும் அவள் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். “செத்தவன் துணியை வீட்டுல வச்சா ஆவாது” என்று கொம்பையாவின் அண்ணன் வைத்தியலிங்கம் அதைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். எட்டு மாதமாக அந்த ஆத்திரம் அவளுக்குத் தீரவில்லை.

சட்டையோடு எழுந்து போய்க் கேட்டாள். “ஏம்மா, இந்தத் துணியெல்லாம் எங்கன இருந்து வருது?”

“பாபநாசம் படித்துறைக்கா. ஆத்தைச் சுத்தம் பண்ற வாலண்டியர்ஸ் டன் கணக்குல எடுத்து, மாசக்கணக்கா சேர்த்து வச்சிருக்காங்க. நாம ரெஸ்க்யூ பண்றோம்.”

“அங்கன யாரு துணியை விடுவாவன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமே! வேண்டாததை எல்லாம் ஆத்துல விட்டுட்டு லேசாப் போறது. லெட்டிங் கோ. எவ்வளவு அழகான எனர்ஜி!”

“செத்தவங்க துணிம்மா. இல்லைன்னா தோசம் கழிச்சது.”

ப்ரீதா ஒரு விநாடிதான் தயங்கினாள். “நாம அப்படிச் சொல்றதில்லைக்கா. எண்ட்-ஆஃப்-லைஃப் டெக்ஸ்டைல்னு சொல்வோம்” என்றாள்.

அன்னத்தாய்க்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சட்டை வேண்டுமே. குரலைத் தணித்து, “இது எங்க வீட்டுக்காரர் சட்டைம்மா. இதை மட்டும் நான் எடுத்துக்கிடுதேன். சம்பளத்துல வேணும்னாலும் பிடிச்சிக்கிடுங்க” என்றாள்.

ப்ரீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சட்டையை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். “ஐயோ அக்கா, என்ன ஒரு நேரேட்டிவ்! இது யாருக்குக் கிடைக்கும்! இதுதான் நம்ம ஹீரோ பீஸ். இதை விற்கவே போறதில்லை, இங்கேயே மாட்டி ஆர்க்கைவ்ல வைக்கிறோம்” என்றாள். அப்புறம் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “ஓட்டை எங்கே?”

அன்னத்தாய் விரலால் காட்டினாள்.

“ஒண்ணுமே தெரியலையே. பார்க்கிறவங்களுக்கு இதுல கதையே இல்லையே. இதைப் பிரிச்சுடுங்க. சிவப்பு நூல்ல பெருசாப் போடுங்க. சனிக்கிழமை நீங்களே கையில வச்சுக்கிட்டு நாலு வார்த்தை பேசணும்.” பேச வேண்டியதை அப்போதே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். செத்தார் என்று வரக் கூடாது, அவருடைய டிரான்சிஷன் என்று சொல்ல வேண்டும். ஆற்றில் விட்டோம் என்று வரக் கூடாது, ஆற்றிடம் ஒப்படைத்தோம்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தச் சட்டை அவள் மடியில் கிடந்தது. பிளேடை எடுத்தாள், வைத்தாள். கொம்பையா உயிரோடு இருந்தபோது, அவன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, அவள் போட்ட இழை அது. அதைப் பிரித்து ஓட்டையாக்கி ஊருக்குக் காட்ட வேண்டுமாம். ஒருமுறை பறிகொடுத்தது போதாதா? கணவன் சட்டையை நாலு பேர் போட்டோ எடுக்க நடுவீட்டில் தொங்கவிட்டு, தான் தினமும் அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? பிளேடைப் பெட்டிக்குள் எறிந்தாள். இந்தச் சட்டை முழுசாகத் தன் வீட்டுக்குத்தான் போகும், வேலை போனால் போகட்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே ‘ஸ்பேஸ்’ நிரம்பிவிட்டது. டாக்டர்கள், கல்லூரி ஆசிரியைகள், வீடு கட்டிக்கொண்டிருக்கிற சிலர். பாதிப் பேர் முன்கூட்டியே இங்கே சட்டை வாங்கி, அதைச் சுடிதாருக்கு மேலே, சேலைக்கு மேலே பொத்தான் போடாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்கு லேயரிங் என்று பெயர். டாக்டர் கெசியா தன்னுடைய நீலச் சட்டையை நீவிக்கொண்டே, “இதைப் போட்ட நாள்லருந்து மனசு என்னமோ ரொம்ப லேசா இருக்கு ப்ரீதா” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். புதினா இலை மிதக்கிற தண்ணீரை ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்கள். அதற்கும் ஏதோ பெயர் இருந்தது.

ப்ரீதா கைகூப்பி ஆரம்பித்தாள். ஆறு, நினைவு, இன்டென்ஷனல், சர்க்குலர், மைண்ட்ஃபுல். பதினைந்து நிமிஷம் பேசினாள், ஒரு சட்டையைக்கூடச் சட்டை என்று சொல்லவில்லை. அப்புறம் அன்னத்தாயை முன்னால் இழுத்து நிறுத்தினாள். “இவங்கதான் நம்ம மெண்டிங் ஆர்ட்டிஸ்ட். அவங்க ஜர்னியை அவங்க வாயாலயே கேளுங்க.”

அன்னத்தாய் தாளைப் பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகினாள். சட்டையை விரித்துப் பிடித்தாள்.

“இது எங்க வீட்டுக்காரர் சட்டை. பேரு கொம்பையா. மில்லுல வேலை பார்த்தாரு. போன வருசம் மஞ்சக் காமாலையில செத்துப்போயிட்டாரு. பதினாறாம் நாளு பாவநாசத்துல ஆத்துல விட்டோம். அதை எடுத்து வெளுத்து இங்கன கொண்டாந்திருக்காவ.” கொஞ்சம் நிறுத்தி, கொடியில் தொங்குகிற வரிசையைக் கையால் காட்டினாள். “இது எல்லாமே அப்படி வந்ததுதான். ஒண்ணு செத்தவங்க துணி, இல்ல, தோசம் கழிச்சிப் போட்டது.”

திருநெல்வேலிக்காரர்களுக்குப் பாபநாசம் படித்துறையில் துணி எதற்குக் கிடக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கிருந்த பாதிப் பேர் தங்கள் வீட்டுத் துணியையும் அங்கே விட்டு, தலை முழுகி, திரும்பிப் பார்க்காமல் வந்தவர்கள். ரிவர்-வாஷ்டு என்று எழுதிய சீட்டு தொங்கியதால் இத்தனை நாள் அவர்களுக்கு அந்த ஆறு இந்த ஆறாகத் தோன்றவில்லை.

டாக்டர் கெசியாதான் முதலில் வாயைத் திறந்தார். “அப்போ... நான் போட்டிருக்கது?”

“அது யாருன்னு தெரியலையேம்மா” என்றாள் அன்னத்தாய், உண்மையான வருத்தத்தோடு. “கைநீளத்தைப் பார்த்தா நல்ல உயரமான ஆளா இருந்திருப்பாரு. காலர்ல அழுக்குப் போவல, நாந்தான் பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்.”

அவ்வளவுதான். எட்டுப் பத்துச் சட்டைகள் ஒரே நேரத்தில் கழன்றன. ஒரு அம்மாளுக்கு வளையல் மாட்டிக்கொண்டு கை வெளியே வரவில்லை. அவர் “ஆண்டவரே, ஆண்டவரே” என்று அலறிய அலறலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விஞ்ஞானம் படித்தவர், தத்துவம் படித்தவர், முந்தின நிமிஷம் வரை எனர்ஜி பேசினவர், எல்லோரும் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கார்களுக்கு ஓடினார்கள். போகிற வழியில் குளிக்க எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பது ஒன்றே அவர்கள் கவலை. ஐந்து நிமிஷத்தில் ஸ்பேஸில் ஸ்பேஸைத் தவிர ஒன்றுமில்லை.

தரையில் சட்டைகள் கிடந்தன. ப்ரீதா சுவரோரம் வெளிறி நின்றாள். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நான் எழுதிக் கொடுத்ததைப் படிச்சிருந்தா என்ன?”

“உள்ளதைத்தானம்மா சொன்னேன்.”

“அந்தச் சட்டையைக் கொடுங்க. அது கலெக்‌ஷனோடது.”

அன்னத்தாய் சட்டையை உதறி விரித்தாள். நாற்று நடப்போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்களே, அப்படி முதலில் வலது கையை நுழைத்தாள், பிறகு இடது கையை. தோள் தொளதொளவென்று இறங்கியது. கொம்பையா செத்த அன்று அழுததற்குப் பிறகு இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“கொடுங்கன்னு சொல்றேன்ல” என்று ப்ரீதா கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள்.

“எடுத்துக்கிடுங்க” என்று அன்னத்தாய் அசையாமல் நின்றாள்.

வியாழக்கிழமை இதே சட்டையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்ட கைதான் அது. காலருக்கு ஒரு சாண் தூரம் வரை வந்தது. அங்கேயே நின்றது. விரல்கள் மடங்கின. ப்ரீதா கையைப் பின்னுக்கு இழுத்து, தன் உடுப்பிலேயே இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

அன்னத்தாய் பொத்தான்களைப் பைய ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.