சோங்சிங்: முதல் பார்வை, இருநூறு சொற்கள்

மலை நகரமான சோங்சிங்கில் ரயிலை விட்டு இறங்கியபோது ருயினுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. கான்சுவிலிருந்து பதினெட்டு மணி நேரம், இருக்கை இல்லாத டிக்கெட். கூட வந்த சித்தி மகள் தாவ்தாவ் ஒரு மடக்கு முக்காலி கொண்டுவந்திருந்தாள். கழிவறைக் கதவுக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் நடுவே அதைப் போட்டு இருவரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நூடுல்ஸ் டப்பாவுக்கு வெந்நீர் பிடிக்க யாராவது வந்தால் எழுந்து வழிவிட வேண்டும். யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. கையில் காசில்லாமல் ஊர் சுற்றும் மாணவர்களுக்குப் பயணக் குறிப்பு எழுதும் செயலிக் கம்பெனி. நாற்பது இடங்களில் விண்ணப்பித்தாள். முப்பத்தொன்பது வாய் திறக்கவில்லை. கூப்பிட்டது இது ஒன்றுதான். இதுவும் போனால் ஊரில் அண்ணியின் கைபேசிக் கடையில் கண்ணாடித் திரைக்கு உறை ஒட்டலாம். "பட்டதாரி ஒட்டினா கோணாம ஒட்டுமோ?" என்று அண்ணி போன வாரமே கேட்டுவிட்டாள். வீட்டில் முதல் பட்டதாரி. கிண்டலிலும் முதல் பங்கு அவளுக்குத்தான்.

ஆற்றங்கரைச் சாலையில் கட்டடம் சுலபமாகக் கிடைத்தது. மூன்றாம் மாடி என்று கம்பெனி எழுதியிருந்தது. ஏறினார்கள். அங்கே ஒரு பெண்மணி பூண்டைக் குவித்துவைத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, இங்க ஆபீஸ் எங்க?"

அவள் சிரித்தாள். "சமதரையிலேருந்து வந்த புள்ளைங்களா? ஆபீஸ்காரங்க பின்னால மலைமேல இருக்கற மேல் தெருவுலேருந்து மாடி எண்ணுவாங்கடி. இந்தக் கீழ்த் தெருவுலேருந்து எண்ணினா அது பதினாலு. இந்தப் பக்கம் லிப்ட் கிடையாது."

தாவ்தாவ் அப்படியே தரையில் சரிந்தாள். "அக்கா, நீ போ. நான் செத்துட்டேன்னு எங்கம்மாகிட்டச் சொல்லிடு."

"நீயே போன் பண்ணிச் சொல்லு. எழுந்திருடி."

எட்டாவது மாடி ஜன்னலில் தாவ்தாவ் கத்தினாள். "அக்கா, ரயில்! பில்டிங்குக்குள்ள போகுது பாரேன்!"

ருயின் பார்த்தாள். ரயில்தான். தூண்கள் மேல் ஓடி எதிர்க் கட்டடத்துக்குள்தான் போனது. அதில் உட்கார இடம் இருக்குமா என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. தாவ்தாவ் வெளியே பெஞ்சில் சாய்ந்தாள். உள்ளே செயலியின் பதிப்பாசிரியர் சூ லான் கணினியிலிருந்து தலை தூக்காமலே கேட்டாள். அவளுக்கு ருயினைவிட வயது குறைவாகத்தான் இருக்கும்.

"கீழ்த் தெரு வழியா வந்தீங்களா?"

"எந்தத் தெருன்னு நீங்க போடல."

"எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியல. உங்க செயலியப் பாத்து வர்றவங்களுக்கும் தெரியாது."

சூ லான் இப்போதுதான் நிமிர்ந்தாள். "சரி, உக்காருங்க. இந்த ஊரப் பத்தி உங்க முதல் பார்வை. இருநூறு சொல், இருபது நிமிஷம்."

மெத்தை வைத்த நாற்காலி. சுகமாக இருந்திருக்க வேண்டும். ருயின் உள்ளதை உள்ளபடி தட்டினாள். பதினெட்டு மணி நேரம் வெந்நீர்க் குழாய்ப் பக்கத்தில் பெரும்பாலும் நின்றே வந்தேன். ஆறு பழுப்பாக ஓடுகிறது. மூன்று என்றால் பதினான்கு. பார்த்துவிட்டேன், ஒன்றும் தோன்றவில்லை.

சூ லான் படித்தாள். "கோவமா இருக்கீங்களா?"

"இல்ல. ஒண்ணுமே இல்ல."

"எழுத்து இருக்கு உங்ககிட்ட. ஆனா இதப் படிச்சிட்டு எவன் கிளம்பி வருவான்? நின்னுட்டே வந்தீங்க பாருங்க, அதான் சரக்கு. அதையே சந்தோஷமா எழுதுங்க. வெந்நீர்க் குழாய்ப் பக்கத்துல புது சிநேகிதங்க கிடைச்சாங்கன்னு."

"யாரும் கிடைக்கல."

"கிடைச்சதா எழுதுங்க. எழுதினா வேலை உங்களுக்கு."

கோபம் வர வேண்டிய இடம் அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் கல்லூரியில் எல்லாருடனும் சண்டை போட்டது அங்கிருந்துதான். இப்போதும் தேடிப் பார்த்தாள். கால்களைப்போல அதுவும் மரத்துக் கிடந்தது. எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இல்லாத சிநேகிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கிதார்கூட வாசித்தான்.

"அடேங்கப்பா!" சூ லான் அங்கேயே செயலியில் ஏற்றினாள். "திங்கக்கிழம வந்துடுங்க. இருங்க, இருங்க. அதுக்குள்ள ஒரு பொண்ணு ஏதோ கேக்குறா. பதில் போடுங்க, அதுவும் இந்த வேலையிலதான் சேத்தி."

கான்சுவிலேயே, லான்சோவில் முதலாண்டு படிக்கும் பெண். "அக்கா, எனக்குக் கால் வீங்கும். அவ்வளவு நேரம் என்னால நிக்க முடியுமா?"

ருயின் விசைப்பலகையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சூ லானையும் ஒருமுறை பார்த்தாள்.

"முடியும்" என்று அடித்து அனுப்பினாள்.