தொட்டிக்குள் பிறந்த தரை

தில்லியில் ஆசியாட் விளையாட்டுப் போட்டி நடந்த வருடம், வெயில் காலத்தில், சரோஜினி நகரில் கிளார்க் வைத்தியின் குவார்ட்டர்ஸ் கொல்லையிலிருந்த சிமெண்டுத் தொட்டியில் கடலும், அதன் அடியில் ஓர் எரிமலையும் உண்டாயின. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் காலனியில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. டிசம்பரில் வைத்தி ரிட்டயராக வேண்டும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், போக இடமில்லை. எங்கள் குமாஸ்தா மூளையின் அழகு அது. சர்க்கார் வீட்டில் கறிவேப்பிலைக் கன்று நடுவோம். அது மரமானதும் வீடே நம்முடையது என்று நம்பிவிடுவோம். யமுனைக்கு அப்பால் மலிவாக மனை கிடைத்தபோது வைத்தி, "அங்கெல்லாம் மனுஷா இருப்பாளா?" என்று மூக்கைச் சுளித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். எங்களுக்கும் மனை கிடையாது.

தொட்டியின் அடி விரிசல் விட்டு, உருகிய பாறை கசிந்தது. குளிர்ந்த உப்புநீர் பட்டதும் அதன் மேல்தோல் இறுகித் தலையணைபோல் உப்பியது. உள்ளே கனன்றுகொண்டிருந்த குழம்பு தோலைக் கிழித்து வெளியே வந்து அடுத்த தலையணையானது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகக் குன்று எழும்பி, மழைக்காலத்தில் நீருக்கு மேலே தலைகாட்டியது. விரிசலோ மூடவில்லை. நடுவில் புதுத் தரை பிறக்கப் பிறக்க, பழைய தரை இரு பக்கமும் விலகியது: இந்தப் பக்கம் வைத்தியின் சமையலறை, அந்தப் பக்கம் அடுத்த வீட்டு செக்ஷன் ஆபீசர் கல்யாணராமனின் மதில்.

"ஓய், ஒரு கிளார்க்குக்கு எரிமலையா? என் கிரேடுக்கே கூலர் சாங்ஷன் ஆகலை!" என்றார் கல்யாணராமன்.

"நீங்களே எடுத்துண்டு போங்கோ. வேஷ்டியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு" என்றாள் வைத்தியின் மனைவி ருக்மிணி.

பெரிய படிப்பெல்லாம் படித்த அதிகாரி ஒருவர் வந்து, தில்லியில் கடல் இருக்க வழியில்லை என்று முடிவு சொல்லி, ஈரமான பேண்ட்டைப் பிழிந்துகொண்டு போனார்.

டிசம்பர் கடைசியில் வீட்டைத் திரும்ப வாங்க குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்டர் அளக்கும் டேப்போடு வந்தார். சர்க்கார் நிலம் இரண்டு துண்டாக, குறையாமல் இருந்தது. நடுவிலிருந்த கறுப்புத் தரை எந்த பிளானிலும் இல்லை. "யே ஹமாரா நஹீ(ன்)," எங்களுடையதில்லை, என்று கையை உதறினார். வைத்தி சாவியைக் கொடுத்துவிட்டு, கட்டிலையும் குக்கரையும் அந்தத் தரைக்கு நகர்த்தி, மேலே தகரம் போட்டார். புருஷனும் பெண்டாட்டியும் வெந்துபோவார்கள் என்று காலனியே ஆவலோடு காத்திருந்தது. நல்ல மனசு எங்களுக்கு.

ஜனவரியில் குளிர் எலும்பைக் கடித்தது. பாறை மட்டும் இதமான சூட்டில் இருந்தது. முதலில் பெண்கள் ஸ்வெட்டர் பின்னலோடு வந்தார்கள், பிறகு நாங்கள் வெட்கமில்லாமல் வந்தோம். கடைசியாகக் குரங்குக் குல்லாயோடு கல்யாணராமன்.

"வைத்தி சார், இது எங்க பக்கமும் கொஞ்சம் வளருமோ? எனக்கும் அடுத்த வருஷம்..."

வைத்தி நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்கோ," என்றாள் ருக்மிணி. "ஓரமா வேண்டாம். அங்கே இன்னும் ஆறலை."