புங்கமரத்தடியில் ஒரு தூக்கம்

ராமசெல்வி படுத்துத் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போன வருஷம் மாசியில் ஒரு விடியற்காலை, காப்பி போட எழுந்தவள் பக்கத்தில் கிடந்த புருஷன் சுப்புராஜைத் தொட்டு எழுப்பினாள். தோள் சில்லென்று இருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் டாக்டர். கொடுத்துவைத்த சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தண்டையார்பேட்டை மளிகைக்கடைக்காரர்கள் சொன்னார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிய ஆண்களும் அதையேதான் சொன்னார்கள். ராமசெல்விக்கு மட்டும் ஒரு கேள்வி உள்ளே தங்கிவிட்டது. மூச்சு முட்டியபோது அவர் தன்னைக் கூப்பிட்டிருப்பாரோ? ஒரு முழம் தள்ளி, ஒன்றும் தெரியாமல் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தோமோ?

அதன்பிறகு கட்டிலில் படுக்க அவளால் ஆகவில்லை. கண்ணை மூடினால் பக்கத்தில் என்ன நடந்தாலும் தெரியாமல் போய்விடுமே! தங்கள் மளிகைக்கடைக்கு மேலே இருந்த வீட்டில் சுவரோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் சாய்ந்தபடியே ராத்திரிகளைக் கழித்தாள். அடுத்த அறையில் மகன் பேச்சிராஜின் மூச்சுச் சத்தம் கேட்காதது போலத் தோன்றினால், எழுந்து போய் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். அவனுக்கு முழிப்பு வந்துவிடும். ஆனாலும் அம்மா போகிறவரை தூங்குகிறவன் போலவே கிடப்பான்.

வருஷத் திதி முடிந்தும் நிலைமை மாறவில்லை. காலெல்லாம் வீங்கிப்போயிற்று. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பருப்பு மூட்டைக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகும். பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த கௌசர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரம்ஜான் பெருநாள் கழிந்த வாரம் நேராகக் கடைக்குள் வந்து நின்றாள்.

"யக்கா, கண்ணு ரெண்டும் குழி வுழுந்து கீது. பார்க்ல பெனிஷா யோகா கிளாஸ் எடுக்குது, லேடீஸுக்கு மட்டும். பங்குனி மாசம் பூரா. நீ வர்றே."

"எனக்கு எதுக்கு தாயி அதெல்லாம்?"

"எனக்கோசரம் வாக்கா. நோன்பு முடிஞ்சி ஒடம்பு லேசா கீது, இத்த அப்படியே வுட்ரக் கூடாதுன்னு பாக்கறேன். தனியாப் போவ வெக்கமா கீது."

பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கௌசர் எங்கேயும் தனியாகப் போக வெட்கப்பட்டவள் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் ராமசெல்வி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பூங்காவை ஒட்டிய ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டீசல் புகையும் கடல் வாடையும் கலந்து வந்தன. உள்ளே பெரிய புங்கமரம் ஒன்று, எண்ணெய் தடவியது போல மினுங்கும் புதுத் தளிரோடு நின்றது. அதன் கீழே கௌசரையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்திருந்தார்கள். பெனிஷா காசிமேட்டுப் பெண். ஓர் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை.

"இந்த மரத்தப் பாருங்க. போன மாசம் எல எல்லாம் கொட்டி நின்னுச்சு. யாராவது போயி, ஏய் துளுருன்னு அதட்டினாங்களா? நாம நம்ம ஒடம்ப எந்நேரமும் அதட்டிக்கினே கீறோம். ஏந்திரு, ஓடு, தூக்குன்னு. இந்த மாசம் அதட்டாம வுட்டுப் பாப்போம்."

குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், கையைத் தூக்கினார்கள். காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி எல்லாரும் ம்ம்ம் என்று முனகியபோது, வெளியே லாரி எஞ்சின்களும் அதே சுருதியில் உறுமின. கௌசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராமசெல்விக்கும் உதடு கோணியது. கடைசியில் பெனிஷா சொன்னாள்: "இப்ப சவாசனம். மல்லாந்து படுங்க. பொணம் மாதிரி அசையாம கெடக்கணும்."

ராமசெல்வி எழுந்துவிட்டாள். செருப்பைக்கூடப் போடாமல் வாசல் பக்கம் நடந்தாள். கௌசர் ஓடி வந்தபோது, பூங்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு வருஷமாக யாரிடமும் கேட்காததை அவளிடம் கேட்டாள்.

"அவுக என்னையக் கூப்பிட்டிருப்பாகளோ கௌசரு? நான் தூங்கிட்டனோ?"

கௌசர் கையில் கொண்டுவந்த செருப்பை அவள் காலடியில் போட்டாள். பிறகு, "தெரியலியேக்கா" என்றாள்.

ஆறுதலுக்காகச் சொல்லப்படாத அந்த ஒரு வார்த்தை ராமசெல்விக்கு எப்படியோ பிடித்திருந்தது. மறுநாளும் வந்தாள்.

பெனிஷா சவாசனம் என்ற பெயரை அப்புறம் உச்சரிக்கவே இல்லை. "ஓய்வு" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் படுக்கும்போது ராமசெல்வி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சில நாள் கழித்து, கௌசரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். "கண்ணு தொறந்தே இருக்கட்டும்க்கா. நானும் தொறந்துகினே கீறேன்" என்றாள் கௌசர். சொன்னபடி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பங்குனி பாதி தாண்டியது. மரம் பூத்துவிட்டது, பொரியைக் கொட்டியது போலத் தரையெல்லாம் பூ. அன்றைக்கு ஒருக்களித்துப் படுத்த ராமசெல்விக்குத் தோள் வலித்தது. சும்மா திரும்பினாள். மேலே தளிருக்கு நடுவே சின்னச் சின்னதாக வானம் தெரிந்தது. காற்று வீசியதும் பூக்கள் சுழன்று சுழன்று இறங்கின. அதில் ஒன்று எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கௌசர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

கிளாஸ் முடிந்து பெண்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ராமசெல்வி மட்டும் அசையவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த ஆலிஸ் தொட்டு எழுப்பப் போனாள். அதற்குள் லேசாகக் குறட்டைச் சத்தம் வந்தது. கௌசர் ஆலிஸின் கையைப் பிடித்துத் தடுத்தாள். ராமசெல்வி ஒரு வருஷமாகப் படுத்துத் தூங்காத விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னாள். சுருட்டிய பாயை ஆலிஸ் திரும்ப விரித்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை அவளுக்கு. நேரத்துக்குப் போகாவிட்டால் திட்டு விழும். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வெயில் மரத்தைச் சுற்றி வந்தபோது ஆலிஸ் குடையை விரித்துப் பிடித்தாள். காலை நேரம் முடிந்து பூங்காவைப் பூட்ட வந்த வாட்ச்மேனைப் பெனிஷா உதட்டில் விரல் வைத்தே திருப்பி அனுப்பினாள்.

ராமசெல்வியின் போன் அடித்தது. கௌசர் எடுத்தாள்.

"அம்மா எங்கக்கா? இன்னும் காணோம்?"

"தூங்கினு கீறாங்கப்பா."

"என்னது?"

"தூங்கறாங்க. படுத்துக்கினு."

அந்தப் பக்கம் பேச்சிராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எழுப்பாதீங்கக்கா. யாரும் எழுப்ப வேணாம்னு சொல்லுங்க."

ராமசெல்வி கண் விழித்தபோது சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே கறுப்பாக ஏதோ மறைத்திருந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் பூ. இழவு வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"ஏ தாயி, நான் செத்துப்போயிட்டனா?"

"பொணம் எங்கனாச்சும் கொறட்ட வுடுமா? ரோட்டுல நின்ன லாரிக்காரனே பயந்துட்டான்" என்றாள் ஆலிஸ்.

அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. ராமசெல்வியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"நீங்கல்லாம் பேசிக்கிட்டா இருந்தீக?"

"பேசாம? ஒன் புள்ள போன் பண்ணான். லாரிக்காரனுங்க ஆரன் மேல ஆரனா அடிச்சினு கெடந்தாங்க. ரெண்டு நாய்ங்க வேற சண்ட போட்டுச்சு" என்றாள் ஆலிஸ்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல. எப்ப கண்ணு மூடுச்சுன்னே தெரியல." உள்ளங்கையை விரித்து, அதில் எதையோ தேடுகிறவள் போலப் பார்த்தாள். "வலி இல்ல, பயம் இல்ல. பூ விழுந்ததைப் பாத்தேன், அம்புட்டுத்தான். கௌசரு, அவுகளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? யாரையும் கூப்பிடத் தோணாம?"

கௌசர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "இருக்கும்க்கா" என்றாள். இதையும் அவள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

ராமசெல்வி அழுதாள். சாவு வீட்டில் அழுத அழுகை வேறு. இது சத்தமில்லாமல் தானாக வந்து, தானாக நின்றது. கௌசர் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பூவை எடுக்கக் கையை நீட்டினாள்.

"கெடக்கட்டும் விடு" என்றாள் ராமசெல்வி.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சித்திரை பிறந்த பிறகும் சில ராத்திரிகள் அவள் உட்கார்ந்தேதான் கழித்தாள். ஆனால் வேறு சில ராத்திரிகள் பாயை விரித்தாள். கிளாஸ் முடிந்தும் பெண்கள் காலையில் பூங்காவுக்கு வருவதை நிறுத்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு என்று மற்றவர்களுக்குப் போன் போடுவது ராமசெல்வியின் வேலையாயிற்று.

மரத்தடியில் தூங்கி எழுந்த அன்றைக்கு, பாயைச் சுருட்டியதும் அவளுக்கு அகோரப் பசி. வாசலில் இருந்த தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டாள். மறுபடியும் தட்டை நீட்டினாள். தையல்கடையைத் திறக்க வேண்டுமே என்று கௌசர் தவித்துக்கொண்டு நின்றாள்.

"செத்த பொறு தாயி" என்றாள் ராமசெல்வி, வாய் நிறைய இட்லியோடு. "சட்னி நல்லாருக்கு."